48 நாள் பழ விரதமா? கோயில் மண்டபத்தில் அதற்கு இடம் கொடுக்காதீங்க

 

கொஞ்சம் நீளமான பதிவு. டீ கலக்கி வச்சிக்கிட்டு உட்கார்ந்து படிங்க. கோபம் வந்தா கமெண்டில் திட்டுங்க, பரவாயில்லை. முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

இரண்டு வாரமாக நம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டு இருக்கிறது. தைப்பூசத்துக்கு 48 நாள் பழம் மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தால் இனிப்பு நீர் போய்விடுமாம், ரத்தக் கொதிப்பு போய்விடுமாம், கிட்னி சுத்தமாகிவிடுமாம், மருந்து மாத்திரையை குப்பைத் தொட்டியில் போடலாமாம். சோறு, பருப்பு, பால், தயிர், உப்பு எதுவும் கூடாது. பழமும் பழச்சாறும் இளநீரும் மட்டும். நம் முன்னோர்கள் இப்படித்தான் இருந்தார்களாம். கூடவே ஒரு போஸ்டர். முருகன் படம் பெரிசா, அதுக்குக் கீழே வழிகாட்டி பேக்கேஜ் 299 ரிங்கிட். இப்போ அவங்க நம்ம மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிமுகக் கூட்டம் நடத்த நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்காங்க.

கொடுக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் என்றால் யார்? அன்னதான அடுப்படியிலும் தண்ணீர்ப் பந்தலிலும் நிற்கிற தொண்டர்கள். எங்களில் டாக்டர் யாரும் இல்லை. ஃபேக்டரி சூப்பர்வைசர், லாரி ஓட்டுநர், பள்ளி கண்டீன் நடத்துகிற அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர், இப்படிப்பட்ட ஆட்கள். எஸ்.பி.எம் வரைக்கும் படிச்சவங்கதான் அதிகம். ஆனா மயங்கி விழுறவங்களைத் தூக்குறது நாங்கதான். அதனால் பேசுகிற உரிமை எங்களுக்கு உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பழத்துக்கு எதிரி இல்லை. சாமிக்குப் படைக்கிறதே பழம்தான். நம் நாட்டு மக்கள் சாப்பிடுகிற பழமும் காயும் போதாது என்று சுகாதார அமைச்சின் 2019 ஆய்வே சொன்னது. பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் தேவையான அளவு சாப்பிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, காயும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம். நம்மில் எத்தனை பேர் சாப்பிடுகிறோம்? காலையில் ரொட்டி சானாய், மதியம் வாழையிலைச் சாப்பாடு, ராத்திரி மாமாக் கடையில் மீ கோரேங். பழம் கண்ணில் படுவதே அர்ச்சனைத் தட்டில்தான். ஆக, பழம் சாப்பிடுங்கள் என்று யாராவது சொன்னால் நாங்கள் கை தட்டுவோம். பழம் மட்டும் சாப்பிடுங்கள் என்று சொல்வதுதான் தகராறு. ஒரு சொல்தான் கூடியிருக்கு. அந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து.

இப்போ கணக்குப் பார்ப்போம். ஃபேக்டரியில் எந்தப் புது மெஷின் வந்தாலும் விற்கிறவர் பேச்சைக் கேட்டு ஓட்ட மாட்டோம், அளவு பார்ப்போம். அதே மாதிரிதான் இதுவும்.

ஒரு மனுசனுக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம், உடம்பு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். 60 கிலோ இருக்கிறவருக்கு 48 கிராம். வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு 1.1 கிராம் புரதம்தான் இருக்கிறது. அப்படியென்றால் நாற்பதுக்கு மேல் வாழைப்பழம் சாப்பிட வேண்டும். அதில் வரும் சர்க்கரை மட்டும் அரை கிலோ. பப்பாளி என்றால் 9 கிலோவுக்கு மேல். இனிப்பு நீர் உள்ளவர் ஒரு நாளைக்கு அரை கிலோ சர்க்கரை உள்ளே தள்ளினால் என்ன ஆகும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

நாற்பது பழம் யார் சாப்பிடப்போறா என்று கேட்பீங்க. சரிதான், யாரும் சாப்பிட மாட்டாங்க. நாலு வாழைப்பழம், ஒரு துண்டு பப்பாளி, தர்பூசணி, ஒரு இளநீர், அவ்வளவுதான் உள்ளே போகும். அப்போ புரதம்? ஏழெட்டு கிராம் வந்தால் பெரிசு. மிச்சத்துக்கு உடம்பு எங்கே போகும்? தன் சதையையே எடுத்துத் தின்னும். 48 நாளில் 8 கிலோ குறைந்தது என்று போஸ்டரில் ஒருத்தர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். குறைந்ததில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று யார் அளந்தது? ஐம்பது வயதுக்கு மேல் போன சதை திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களில் முட்டி வலியோடு படி ஏறுகிறவர்களைக் கேளுங்கள்.

அடுத்து பி12. ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின். எந்தப் பழத்திலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் உண்டு. ஈரலில் சேமிப்பு இருப்பதால் 48 நாளில் ஒன்றும் தெரியாது, உண்மைதான். ஆனால் மெட்ஃபோர்மின் மாத்திரை வருசக் கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 உடம்பில் சேர்வதே குறைவு. கால் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் நம் கோயிலிலேயே எத்தனை பேர். அவர்களிடம் போய், பாலையும் தயிரையும் நிறுத்து, நல்லாயிருந்தால் 48 நாளுக்குப் பிறகும் தொடர்ந்து ஆயுளுக்கும் இப்படியே இரு என்கிறது அந்தக் குரல் பதிவு. ஆயுளுக்கும் என்ற சொல் அதில் இரண்டு முறை வருகிறது. கவனித்தீர்களா?

உப்பு கூடாது என்பதையும் யோசித்துப் பாருங்கள். தைப்பூச வெயிலில் காவடி தூக்கி, வேர்த்து ஊற்றி, வெறும் தண்ணீரும் இளநீரும் குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்பு இறங்கிவிடும். தலை சுற்றும், வாந்தி வரும், பேச்சு குழறும். பெரியவர்கள் தண்ணீர்ப் பந்தலில் நீர்மோர் வைத்தது சும்மாவா? அதில் உப்பு போட்டது ருசிக்கு மட்டுமா?

கிட்னி சுத்தமாகும் என்கிறார்களே, அதுதான் எல்லாவற்றையும் விடப் பயங்கரம். கிட்னி பழுதானவர்களுக்கு வாழைப்பழம், இளநீர், டுரியான் எல்லாம் டாக்டர் அளவு போட்டுத்தான் கொடுப்பார், சிலருக்கு வேண்டாம் என்றே சொல்வார். அவற்றில் பொட்டாசியம் அதிகம். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும், நின்றும் போகலாம். நாம் பிளிம்பிங் என்று சொல்கிற நட்சத்திரப் பழம் இன்னும் மோசம். கிட்னி நோயாளி அதைச் சாப்பிட்டால் விடாத விக்கல் வரும், புத்தி தடுமாறும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். அந்தக் குரல் பதிவில் கிட்னிக்கு எது நல்லது என்று சொல்லும் பட்டியலில் பிளிம்பிங் மூன்றாவதாக இருக்கிறது. இதைக் கேட்ட ராத்திரி எங்கள் குழுவில் இருக்கும் நர்ஸ் அம்மா தூங்கவில்லை.

நம் சமூகத்தில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அதே 2019 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் கிட்டத்தட்ட ஒருவர். நம் அன்னதான வரிசையில் நூறு பேர் நின்றால் முப்பது பேர். அதில் பலருக்கு இருப்பதே தெரியாது. இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் கிட்னி கெட்டவர்கள். இப்படிப்பட்ட கூட்டத்தின் முன்னால் நின்று மாத்திரையைத் தூக்கிப்போடு என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

போன தைப்பூசத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அந்த அக்கா இதைப் படிப்பார். பால் குடம் எடுத்து வரிசையில் வந்தவர் எங்கள் பந்தலுக்குப் பத்தடி முன்னால் சாய்ந்தார். பால் சிந்தாமல் குடத்தைப் பிடித்தது பின்னால் வந்த பொண்ணு. எல்லாரும் அருள் வந்துவிட்டது என்று விபூதி பூசினார்கள். ஒருத்தர் வாயில் தீர்த்தம் ஊற்றப் போனார். நர்ஸ் அம்மா தடுத்துவிட்டு விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 2.3. இருபத்தேழு நாளாகப் பழம் மட்டும். அன்றைக்கு அதுவும் இல்லை, வெறும் இளநீர். ஆனால் காலையில் கிளிக்லசைட் மாத்திரையை மறக்காமல் போட்டிருக்கிறார். அந்த மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் பாதாளத்துக்கு இறங்கும். இன்சுலினும் அப்படியே. ஆம்புலன்ஸ் வந்து ஊசி மூலம் சர்க்கரை ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். இன்னும் பத்து நிமிசம் அருள் என்று நினைத்துக்கொண்டு நின்றிருந்தால்?

இதுக்கு நேர் எதிரா இன்னொருத்தர். எங்களோடு நைட் ஷிஃப்ட் பார்த்த அண்ணன். பழ விரதம் என்று சொல்லி மாத்திரையை அடியோடு நிறுத்தினார். மாம்பழமும் டுரியானும் பழம்தானே என்று சாப்பிட்டார். சுகர் 24-க்குப் போனது. சேஃப்டி ஷூ உரசி வந்த சின்னப் புண் ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல் எடுத்தார்கள். அவரிடம் பேக்கேஜ் விற்ற ஆள் அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

ஒரே விரதம்தான். ஒருத்தருக்கு சுகர் இறங்கியது, ஒருத்தருக்கு ஏறியது. மருந்தைப் பார்க்காமல், நோயைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அட்டவணை கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

"எனக்கு நல்லாயிடுச்சே, சுகர் குறைஞ்சதே" என்று சிலர் சொல்றீங்க. பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்று பாருங்கள். 48 நாள் பால்கட்டி ஊற்றிய தே தாரேக் இல்லை, கோழிப் பொரியல் இல்லை, பீர் இல்லை, ராத்திரி 11 மணிக்கு மீ இல்லை, எடை குறைந்தது. எடை குறைந்தால் சுகர் குறையும், இது டாக்டரும் சொல்வதுதான். அந்தப் பெருமையைப் பப்பாளிக்குக் கொடுப்பது நியாயமா? அதையே பருப்பும் கீரையும் சாப்பிட்டு, மாத்திரையை டாக்டர் சொன்னபடி குறைத்துச் செய்திருந்தால் சதையும் போயிருக்காது, தலை முடியும் கொட்டியிருக்காது. விரதம் முடிந்த மூன்றாம் நாள் பசியில் பாய்ந்து, போன எடையைத் திரும்ப வாங்கியிருக்கவும் மாட்டீங்க.

பழச்சாறு பற்றி ஒரு வார்த்தை. பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் நார் இருக்கும், சர்க்கரை மெதுவாக ஏறும். நாலு ஆரஞ்சைப் பிழிந்து ஒரே மூச்சில் குடித்தால் அது சர்க்கரைத் தண்ணீருக்கு அக்கா தங்கச்சி. போதும்.

இப்போ முன்னோர்கள் விசயத்துக்கு வருவோம். எங்களுக்கு ரொம்ப எரிச்சல் கொடுத்தது இதுதான்.

எந்த முன்னோர்? எங்கள் முன்னோர் தோட்டத்தில் ரப்பர் சீவினவங்க. விடியாத இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டி, மரம் மரமா ஓடினவங்க. அவங்களும் 48 நாள் விரதம் இருந்தாங்க. எப்படி? ஒரு வேளைச் சாப்பாடு. சோறு, பருப்பு, கீரை, ஒரு காய், மோர். ராத்திரிக்குப் பாலும் பழமும். தரையில் படுப்பது, கறி மீன் இல்லை, கோபம் இல்லை, வீட்டுக்குள் ஒழுக்கம். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை என்றால் இன்னும் கடுமையாக இருப்பார்கள், அதுவும் ஒரு நாள், மறுநாள் சாப்பாடு. சஷ்டி என்றால் ஆறு நாள். பாலும் பழமும் என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். பழனி பஞ்சாமிர்தத்தில் கூட வாழைப்பழத்தோடு நெய் இருக்கிறது. கோயில் பிரசாதம் என்ன? சுண்டல், பொங்கல், தயிர் சாதம், பானகம். சுண்டலைக் கண்டுபிடித்தவருக்குப் புரதம் என்ற சொல் தெரியாது, ஆனால் விரதக்காரன் மலை ஏற வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

ரிஷிகள் காட்டில் கனி சாப்பிட்டார்கள் என்பார்கள். காய், கனி, கிழங்கு என்று மூன்றும் சேர்த்துத்தான் நம் ஆட்கள் சொல்வார்கள். ஆசிரமத்தில் பசு இருந்ததையும் மறந்துவிடுகிறார்கள். அதோடு, ரிஷிக்கு ஓவர்டைம் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் லைனில் நிற்கிறவனுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கும் தலை சுற்றினால் அவன் மட்டும் விழ மாட்டான், பக்கத்தில் நிற்கிறவன் மேலேயும் விழும்.

பழத்துக்காகத்தானே முருகன் பழனிக்குப் போனார் என்று அந்தக் குரல் பதிவில் ஒரு நீட்டல் இருக்கு. ஐயா, அந்தப் பழம் கிடைச்சது பிள்ளையாருக்கு. நம்ம அப்பன் பழம் இல்லாமதான் மலை ஏறினார். அவர் பேரில் 299 ரிங்கிட்டா?

காந்தியை மேற்கோள் காட்டுகிறார்கள். காந்தி பழ உணவு சாப்பிட்டது உண்மை. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில், நம் தமிழர்கள் பலர் அவரோடு இருந்த இடம், 1912-இல் பாலை விட்டார். பழமும் கொட்டையும் மட்டும். அவர் சாப்பிட்டதில் வேர்க்கடலையும் ஒலிவ எண்ணெயும் இருந்தன என்பதை இவர்கள் சொல்வதில்லை. அதாவது, அந்தப் பழ உணவிலேயே புரதமும் கொழுப்பும் இருந்தன. அப்படி இருந்தும் 1918-இல் கடுமையான வயிற்றுப்போக்கில் விழுந்து, உயிர் போகும் நிலைக்கு வந்து, உடம்பு தேறவே இல்லை. பால் குடித்தால்தான் உடம்பைத் தேற்ற முடியும் என்றார் டாக்டர். சத்தியம் செய்தாயிற்றே என்றார் இவர். கஸ்தூரிபா அம்மாதான் சொன்னார், நீங்கள் விட்டது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று. குடித்தார், தேறினார். என்னைப் பார்த்துப் பாலை விட்டவர்கள் எல்லா வகையிலும் நன்மை தெரிந்தால் ஒழிய, அனுபவமுள்ள வைத்தியர் சொன்னால் ஒழிய, பிடிவாதமாகத் தொடர வேண்டாம் என்று தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். பாதிக் கதையை மட்டும் சொல்லி ஆள் பிடிப்பது காந்திக்கும் மரியாதை இல்லை.

ஸ்டீவ் ஜாப்ஸ் பெயரும் வருகிறது, ஆப்பிள் கம்பெனிக்காரர். இளமையில் நாள் கணக்காகப் பழம் மட்டும் சாப்பிட்டவர்தான். அவர் வேடத்தில் நடிக்கத் தயாரான நடிகர் ஆஷ்டன் கட்சர் அதே மாதிரி பழ உணவு சாப்பிட்டு, படப்பிடிப்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கணையக் கோளாறோடு ஆஸ்பத்திரிக்குப் போனதாக 2013-இல் அவரே சொன்னார். ஜாப்ஸுக்குக் கணையத்தில் கட்டி வந்தது. அது பழத்தால் வந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம், அப்படிச் சொல்வதும் இவர்கள் பேச்சு மாதிரி ஆகிவிடும். ஆனால் 2003-இல் கண்டுபிடித்த பிறகு சாறும் காயும் வைத்தியமும் என்று ஒன்பது மாதம் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். உலகத்தில் எந்த டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டக்கூடிய பணக்காரர். எங்களைப் பயமுறுத்துவது அந்த ஒன்பது மாதம்தான். நம் ஆட்கள் அரசாங்க கிளினிக்கில் ஒரு தேதியைத் தவறவிட்டால் அடுத்த தேதி எப்போ என்று உங்களுக்கே தெரியும்.

பூமிக்கு நல்லது, இயற்கைக்கு நல்லது என்றும் ஒரு வாதம். கறியோடு ஒப்பிட்டால் பழம் நல்லதுதான், யார் இல்லை என்றது. ஆனால் நாம்தான் விரதத்தில் கறி தொடுவதில்லையே. நம் கேள்வி பழம் மட்டுமா, பருப்புச் சோறும் பழமுமா என்பது.

போஸ்டரில் இருக்கும் தட்டைப் பாருங்கள். ஆப்பிள், திராட்சை, கிவி, புளூபெர்ரி, அவகாடோ. இதில் எத்தனை பழம் நம் மண்ணில் விளைகிறது? ஆப்பிள் குளிர்தேசத்தில் பறித்து, குளிர்பெட்டியில் மாதக் கணக்கில் வைத்து, கப்பலில் குளிரூட்டிக் கொண்டு வருகிறார்கள். புளூபெர்ரி பல சமயம் விமானத்தில் வருகிறது. தர்பூசணியில் 92 விழுக்காடு தண்ணீர். மற்ற பழங்களும் பெரும்பாலும் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர்தான். தண்ணீரைத்தான் கடல் கடந்து ஏற்றி வருகிறோம். பருப்பும் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் அது காய்ந்த பொருள். மூட்டையில் கட்டி, குளிர்பெட்டி இல்லாமல் வரும், ஸ்டோரில் ஒரு வருசம் கிடக்கும். 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் புரதம். பயறுச் செடி தான் வளரும் மண்ணுக்கே தழைச்சத்து சேர்க்கிறது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் பூமிக்கு நல்லது எது?

உள்ளூர்ப் பழம் மட்டும் சாப்பிடுவோம் என்றால் சரி, நல்ல எண்ணம். ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் எல்லாம் பருவத்துக்கு மட்டும். வருசம் முழுக்கக் கிடைப்பது வாழை, பப்பாளி, தர்பூசணி, அன்னாசி, கொய்யா. அந்த வாழையையும் பனாமா நோய் 1990களிலேயே நம் தோட்டங்களில் பிடித்தது. மண்ணில் இருக்கும் பூஞ்சை அது, ஒரு தடவை வந்தால் பல வருசம் போகாது. ஏற்கனவே பெராங்கான் விலை ஏறியதற்குப் பாசாரில் முணுமுணுக்கிறோம். எல்லாரும் பழத்தையே மூன்று வேளையும் தின்றால் விலை எங்கே போகும்?

விலை என்று வந்தாச்சு, அதையும் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன நாற்பது வாழைப்பழம் தோலோடு 6 கிலோவுக்கு மேல் வரும். கிலோ 6 ரிங்கிட் என்றே வையுங்கள். ஒரு நாளைக்கு 36, 48 நாளைக்கு 1,728 ரிங்கிட். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700. ஒரு ஆளின் ஒரு மாதச் சம்பளம் முழுக்க வாழைப்பழத்துக்கு. வீட்டில் நாலு பேர் விரதம் என்றால்? ஆக, ஏழை பக்தர் செய்யப்போவது நாலு பழத்தோடு பட்டினி. அதற்குப் பெயர் பழ விரதம்.

நிர்வாகத்தில் ஒரு சிலர் கேட்கிறார்கள், மண்டப வாடகை வருதே, நாமா விற்கிறோம், வர்றவங்க பெரியவங்கதானே, அவங்க இஷ்டம் என்று. இல்லைங்க. வெளியே ஹோட்டலில் நடத்தினால் அது வியாபாரம். மண்டபத்தில், சாமி சன்னதிக்கு இருபதடியில் நடத்தினால் அது சாமி சொன்ன மாதிரி. நம் அம்மாக்கள் டாக்டர் எழுதிய சீட்டைச் சந்தேகப்படுவார்கள், கோயிலில் ஒட்டிய போஸ்டரைச் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த நம்பிக்கை வாடகைக்கு விடுகிற பொருள் இல்லை. இன்னொன்றும் உண்டு. போஸ்டரில் குடும்ப பேக்கேஜ் என்று பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். எஸ்.பி.எம் பரீட்சை எழுதுகிற பொண்ணு, மாதா மாதம் ரத்தம் போகிற வயசு, இரும்புச் சத்து ஏற்கனவே குறைவு, அவளை ஒன்றரை மாதம் பப்பாளியில் நிறுத்துவதா? கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது என்று வேறு எழுதியிருக்கு. படித்ததும் எங்களுக்குக் கை நடுங்கியது.

விரதம் வேண்டாம் என்று யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. எங்களில் பாதிப் பேர் வருசா வருசம் இருக்கிறோம். ஒரு நாள் கிருத்திகைக்குப் பழம் மட்டும் இருக்கத் தெம்புள்ளவர் இருங்கள், முருகன் துணை. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கிட்னி, இதயம் என்று மருந்து எடுப்பவர்கள் மாலை போடும் முன்னே கிளினிக்கில் போய், டாக்டர், நான் இத்தனை நாள் ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்கப்போகிறேன், எந்த மாத்திரையை எப்போ எடுக்கணும் என்று கேளுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் கேட்கிறார்கள், டாக்டர்களும் நேரம் மாற்றிக் கொடுக்கிறார்கள். நமக்கு மட்டும் என்ன கூச்சம்? வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால் தினமும் பாருங்கள். 4-க்குக் கீழே போனால் விரதத்தைப் பற்றி யோசிக்காமல் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள், பானகம் என்று நினைத்துக் குடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நிர்வாகக் கூட்டம். இந்த மண்டப விண்ணப்பத்தை நிராகரிக்கச் சொல்லி நாங்கள் கடிதம் கொடுக்கிறோம். உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் கடிதம் இருக்கும், வெள்ளி சனி இரண்டு மாலையும். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் வாங்க. பேக்கேஜ் நடத்துகிறவர்களும் வரட்டும், அவர்கள் அட்டவணையை நர்ஸ் அம்மாவிடம் காட்டிப் பேசட்டும்.

மார்கழி முதல் தேதியில் இருந்து தைப்பூசம் வரைக்கும் விரதக்காரர்களுக்கு அடுப்படியில் தினமும் சாயரட்சை பூசைக்குப் பிறகு சாப்பாடு உண்டு, காசு கிடையாது. கைக்குத்தல் அரிசிச் சோறு கொஞ்சம், பருப்பு, கீரை, ஒரு காய், நீர்மோர், ஒரு பழம். செவ்வாய் வெள்ளி சுண்டல். அர்ச்சனையில் மிஞ்சுகிற வாழைப்பழத்தை அழுக விடாமல் அங்கேயே பரிமாறுவோம், ரஸ்தாளி கொண்டு வருகிறவர்கள் ஸ்டிக்கரையும் பிளாஸ்டிக் பையையும் வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கொண்டு வாங்க. கிட்னி நோய் உள்ளவர்கள் வரிசையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்களுக்குத் தட்டு தனியாக வைப்போம். பயறு ஊறவைக்கத் திங்கள், வியாழன் ராத்திரி 8 மணிக்கு இரண்டு பேர் குறைகிறார்கள், காய் நறுக்க நாலு பேர். வர முடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்க.